இதைச் சலுகை என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

ஒரு மாதமாக வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. "பெண்கள் பெயரில் வீடு வாங்கினால் பத்திரச் செலவு கிடையாது! உடனே பகிரவும்!" நம் குடும்பக் குழுவில் மூன்று பேர் அனுப்பினீர்கள். மாஞ்சோலை பழைய மாணவர் குழுவில் ஐந்து பேர். அனுப்பியவர்களில் இருவர் பட்டதாரிகள், ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ஒருவர்கூட அது உண்மையா என்று பார்க்கவில்லை.

அது பொய். அந்தப் பொய்யை நம்பி நம் பிள்ளை ஒருத்தி தன் கம்மலை அடகு வைத்திருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம். நாலுமுக்கு எஸ்டேட் பிள்ளை. அவளுடைய ஆச்சி கொழுந்து பறித்தாள், அம்மா பறித்தாள், அவளும் பறித்தாள். 2024 ஜூனில் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்களே, அதில் அவளும் அவள் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டவர்கள். வந்த பணம், சீட்டுப் பணம், மாமியார் கொடுத்தது எல்லாம் சேர்த்துக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இரண்டு அறை உள்ள பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பேசி முடித்தார்கள். விலை 9,60,000 ரூபாய். விற்கிறவருக்கு அவசரம், அதனால் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். பெண் பெயரில் வாங்கினால் செலவில்லை என்றுதானே செய்தி? கைச்செலவுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தாள்.

மனைக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு என்று கணக்குப் போட்டபோது மொத்தம் 10,30,000 வந்தது. அதற்குக் கட்ட வேண்டியது 92,700 ரூபாய். அரை வருசக் கூலிக்கு மேலே.

அன்று ராத்திரி எனக்குப் போன் போட்டாள். அழவில்லை. "டீச்சர், மலையில இருந்த வரைக்கும் வீடு நம்மளது இல்ல. இப்போ நம்மளதுன்னு ஒண்ணு வாங்கப் போனா, அதுக்கு அபராதம் கட்டச் சொல்லுதாங்களே" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருசம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பத்திரச் செலவுக் கணக்கை ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது சொல்கிறேன். சிலேட்டை எடுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டையோ மனையையோ கிரயம் வாங்கினால் மூன்று வகையாகப் பணம் போகிறது. முத்திரைத் தீர்வை 5 சதவீதம். சொத்து மாற்றத்துக்கான வரி 2 சதவீதம், இது உள்ளாட்சிக்குப் போவது. பத்திரத்தில் இரண்டையும் சேர்த்து 7 என்றே சொல்வார்கள். அதற்கு மேல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தம் 9. நீங்கள் பேசிய விலை, அரசு வைத்திருக்கும் மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மேல்தான் கணக்கு. விலை குறைத்து வாங்கினோம் என்ற சந்தோஷம் பதிவு அலுவலக வாசலோடு சரி.

இப்போது அந்தச் சலுகைக்கு வருவோம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அவ்வளவுதான். 7 சதவீதத்தில் ஒரு பைசா குறையாது. 9 என்பது 8 ஆகும். ஒரு பெண்ணுக்கு இதில் அதிகபட்சம் மிச்சமாவது 10,000 ரூபாய். மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை. 10 லட்சம் சரியாக இருந்தால் 80,000 ரூபாய் கட்டலாம். 10,10,000 ஆனால் 90,900. மதிப்பில் பத்தாயிரம் கூடியதற்குக் கட்டணத்தில் 10,900 கூடுகிறது. இது என்ன கணக்கு? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இப்படிப் போட்டால் நான் சுழித்து அனுப்பியிருப்பேன்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. 2017 ஜூனுக்கு முன்னால் பதிவுக் கட்டணம் எவ்வளவு? 1 சதவீதம். ஆணுக்கும் 1, பெண்ணுக்கும் 1, கோடீஸ்வரருக்கும் 1, கூலிக்காரருக்கும் 1. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். 2023-இல் குறைத்த மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். அப்போது பதிவுக் கட்டணம் பழையபடி 1 ஆகியிருக்க வேண்டும் அல்லவா? 2 சதவீதத்தோடு நிறுத்திக் கொண்டார்கள். இரண்டு கட்சி ஆட்சியிலும் நடந்தது இது. நான் கட்சி பேச வரவில்லை. எல்லாருக்கும் இருந்த 1 சதவீதத்தை எடுத்துவிட்டு, அதையே 10 லட்சத்துக்குக் கீழே வாங்கும் பெண்ணுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்து, அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதற்கும் கைதட்டிப் பகிர்கிறார்கள்.

சரி, அரசுக்குப் பணம் வேண்டாமா, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எதில் நடக்கும் என்று என் தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கியவள், இன்றும் பென்ஷன் வாங்குகிறவள். வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன்.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். 2023 டிசம்பர் முதல் மனைப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். முன்பு மனைப் பங்குக்கு மட்டும் முழுத் தீர்வை இருந்தது, இப்போது கட்டடத்துக்கும் சேர்த்துப் போடுவதால் விகிதத்தைக் குறைத்தோம் என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். சென்னையில் 50 லட்சத்துக்குப் புது ஃப்ளாட் வாங்குகிறவருக்கு 6 சதவீதம். கல்லிடைக்குறிச்சியில் 10,30,000-க்குப் பழைய ஓட்டு வீடு வாங்குகிற கொழுந்துக்காரிக்கு 9 சதவீதம். அங்கே விகிதத்தைக் குறைக்க முடிந்த கைக்கு இங்கே ஏன் முடியவில்லை?

இன்னொன்று. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. போன வருசம் என் வீட்டை மகள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதினேன். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 10,000 ரூபாயைத் தாண்டாது. 2023 ஜூலையில் ஏற்றிய பிறகு உள்ள உச்சவரம்பு இது. என் வீட்டு மதிப்பு 38 லட்சம். நான் கட்டியது 48,000 ரூபாய். இரண்டு கோடி வீடாக இருந்தாலும் 50,000-க்கு மேல் போகாது. என்னிடம் படித்த பிள்ளை, என் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு மதிப்புகூட இல்லாத வீட்டுக்குக் கட்டியது 92,700. தாய் பிள்ளைக்குக் கொடுப்பது விற்பனை இல்லை, பணம் கைமாறவில்லை, குறைவாக இருப்பது சரிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்க வீடு வைத்திருக்கிற தாய்க்குப் பிறந்தவர்களுக்கு மட்டும்தானே அந்த வழி? அவளுடைய அம்மா எதை எழுதிக் கொடுப்பாள்? லயன் வீட்டையா?

நம் சொந்தக்காரர்கள் சிலருக்கு மாஞ்சோலை என்றால் பனியும் தேயிலையும் போட்டோவும்தான். அவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்ட காடு அது. எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அதில் குடியிருப்புகள். 1952-இல் ஜமீன் ஒழிந்தது, குத்தகை தொடர்ந்தது. 2028-இல் முடிகிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் எல்லாருக்கும் வீடு இருந்தது. யாருக்கும் சொந்தமாக இல்லை. வேலை இருக்கிற வரைக்கும்தான் கூரை. நான்கு தலைமுறை அப்படியே போயிற்று.

அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எங்கள் வீடு" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பயல் முதல் வரியில் "எங்கள் வீடு கம்பெனி வீடு" என்று எழுதி, அடித்துவிட்டு, "நாங்கள் இருக்கும் வீடு" என்று திருத்தியிருந்தான். அவனுக்கு ஒன்பது வயது. நான் எதற்கு அடித்தல் திருத்தல் என்று மார்க்கைக் குறைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். கூலிக்கே அந்த விலை கொடுத்த ஜனங்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகு, மலையைவிட்டு இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆயிற்று. காடு காடாக இருக்கட்டும், புலி இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. இறங்கி வருகிறவர்கள் வாங்கும் முதல் வீட்டுக்கும், ஏழாவது மனை வாங்கும் ரியல் எஸ்டேட்காரருக்கும் ஒரே விகிதம் போடுகிறார்களே, அதில்தான் சண்டை.

இது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. அரசு ஒரு திட்டத்துக்காக நிலம் எடுத்து ஜனங்களைக் குடிபெயர்த்தால், மறுகுடியமர்வில் கொடுக்கும் வீட்டுக்கும் மனைக்கும் ஆகும் முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் நிலத்தை எடுப்பவர்தான் ஏற்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் எழுதியே இருக்கிறது. மாஞ்சோலையில் நடந்தது நில எடுப்பு இல்லை, அதனால் அந்தச் சட்டத்தை அப்படியே காட்டிக் கேட்க முடியாது. ஆனால் அதில் உள்ள நியாயம் என்ன? தன் விருப்பத்தால் அல்லாமல் இடம் மாறுகிறவன் தலையில் மாற்றச் செலவையும் வைக்காதே என்பதுதானே? அந்த நியாயம் மணிமுத்தாறு செக்போஸ்டோடு நின்றுவிடுமா?

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குகிறவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை இந்த வரியே கிடையாது. டெல்லியில் ஆணுக்கு 6 சதவீதம், பெண்ணுக்கு 4. நம்மிடம் "இது இவர்களுக்கு முதல் வீடா" என்று கேட்கிற ஒரு கட்டம்கூடப் படிவத்தில் இல்லை. வருமான வரியில் ஒரு கழிவு உண்டு, வீட்டுப் பத்திரச் செலவையும் அதில் காட்டலாம், பழைய முறையில் வரி கட்டினால். என்னைப் போல் சம்பளக்காரர்களுக்கு அது உதவும். கொழுந்து பறித்தவளுக்கு வருமான வரியே இல்லை, அதில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது? சலுகை எல்லாம் ஏற்கெனவே கொஞ்சம் மேலே நிற்கிறவன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது.

நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, மலையில் வேலை பார்த்து இறங்கிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வீட்டுக்கோ மனைக்கோ, தீர்வையும் கட்டணமும் முழுத் தள்ளுபடி. இதற்குப் பெரிய சட்டம் வேண்டாம். தீர்வையைக் குறைக்கவும் தள்ளவும் 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவே அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. பெண்களுக்குக் கொடுத்ததும் ஓர் அரசு உத்தரவுதானே? சில நூறு குடும்பங்கள். இதனால் கஜானா காலியாகிவிடாது. இரண்டு, பெண்களுக்கான அந்த 10 லட்சம் என்பது வேலியாக இருக்கக் கூடாது. சொத்து 12 லட்சம் ஆனாலும் முதல் 10 லட்சத்துக்குச் சலுகை, மிச்சம் 2 லட்சத்துக்கு முழுக் கட்டணம் என்று போடுங்கள். வருமான வரியில் படிப்படியாகப் போடத் தெரிகிறதே.

அரசு இலவசப் பட்டா கொடுக்கிறதே, ரெட்டியார்பட்டியில் வீடு கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கட்டும், நல்லது. வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் அரசு கையால் கொடுத்தால் தீர்வை இல்லை, தன் உழைப்பில் தானே வாங்கினால் 9 சதவீதம் என்பது என்ன பாடம்? கையேந்தி நில், சொந்தமாக வாங்காதே என்பதா?

உத்தரவு வருகிற வரைக்கும் நீங்கள் ஏமாறக் கூடாது. அதனால் சிலவற்றைச் சொல்கிறேன், எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயரோ சர்வே எண்ணோ போட்டு வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். காசு கிடையாது. கட்டடம் இருந்தால் அதற்கும் தனி மதிப்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். இரண்டையும் கூட்டி, 9-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, அந்தப் பணத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். எழுத்துக் கூலி, வில்லங்கச் சான்று, போக்குவரத்து எல்லாம் அதற்கு மேலே. மதிப்பு 10 லட்சத்தை ஒட்டி வந்தால் பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

அரசு மதிப்பு அதிகம் என்று தோன்றினால் எதிர்த்துக் கேட்க முத்திரைச் சட்டத்தில் 47ஏ என்ற வழி இருக்கிறது. ஆனால் முடிவு வரும் வரை பத்திரம் உங்கள் கைக்கு வராமல் இழுக்கும். தெரிந்து இறங்குங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி மிச்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவளிடமும் ஒருவர் சொல்லியிருக்கிறார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி குற்றம். நாளைக்கு வில்லங்கம் வந்து கோர்ட்டுக்குப் போனால் பத்திரத்தில் உள்ள தொகைதான் பேசும், நீங்கள் மஞ்சள் பையில் கொடுத்தது பேசாது. சாலைக்கு நிலம் எடுத்தால்கூட வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துப் பத்திர விலைகளையும் வைத்துத்தான் இழப்பீடு. அநியாய வரியை எதிர்க்க வேண்டும் என்று சொல்கிற நான் திருட்டுக் கணக்கு எழுதச் சொல்ல மாட்டேன்.

செலவுக்குப் பயந்து வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டு குடி போகாதீர்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட வீடு மனை எதுவானாலும் பதிவு செய்தால்தான் கிரயம். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிய வேண்டும். லயன் வீட்டில் காகிதம் இல்லாமல் இருந்தோம், போதும். மனை வாங்குகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற மனையா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனையை வீட்டுமனையாகப் பதிய முடியாது. மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் பக்கம் மலிவு விலை என்று கூப்பிடுகிறவர்களிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

கடைசியாக ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. சலுகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வீட்டை அவள் பெயரில் எழுதுங்கள். அட்டை கடிக்க, மழையில் நனைந்து, முதுகில் கூடையோடு அந்தப் பணத்தைச் சம்பாதித்ததில் அவளுக்குப் பாதிக்கு மேல் பங்கு உண்டு. "பொம்பளை பேர்ல எழுதினா நாளைக்கு நம்ம சொல்லு நிக்காது" என்று சொன்ன என் சொந்தக்காரர் இதைப் படிப்பார். படியுங்கள் அண்ணாச்சி, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை போன வாரம் பால் காய்ச்சினாள். நானும் போயிருந்தேன். முன் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திர நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். காதில் ஈர்க்குச்சி. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "மீட்டிரலாம் டீச்சர்" என்று சிரித்தாள்.

மீட்டு விடுவாள். ஆனால் அதை அடகு வைக்க விட்டது நாம்தான். பொய்ச் செய்தியைப் பகிர்ந்த எட்டுப் பேரும் அதை அழித்துவிட்டு, இந்தப் பதிவைப் பகிருங்கள். மாஞ்சோலைக் குடும்பங்களுக்கு முழுத் தள்ளுபடி கேட்டு மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத்துறைக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். வர முடியாதவர்கள் பெயரும் எஸ்டேட் பெயரும் எனக்கு எழுதி அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறேன்.

இந்தத் தடவை அடித்தல் திருத்தலுக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

உங்கள் டீச்சர்